படத்தில் சரி, போனில் பிழை

எங்கட கம்பஸில் யாராவது "நான் வெப் டிசைன் செய்யிறன்" என்று சொன்னால் அடுத்த கேள்வி ஆயத்தமாக இருக்கும்: "எதில செய்யிறனீங்கள்? ஃபோட்டோஷொப்பா, ஃபிக்மாவா?" இரண்டும் இல்லை, நேரே கோட்டிலதான் என்று சொன்னால் முகம் மாறும். "அப்ப நீங்கள் டிசைனர் இல்லை, டெவலப்பர்" என்பார்கள். பிறகு நான் கலைப்பீடம், தமிழ் சிறப்புக் கற்கை என்று தெரியவந்தால் அதுவும் இல்லையாம். இந்த இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காமல், சின்னச் சின்ன இணையத்தளங்கள் செய்து கொடுத்துத்தான் போர்டிங் காசு கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பெட்டி முக்கியமில்லை. ஆனால் ஏன் நேரே கோட்டில் செய்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அது பெரும்பாலும் தமிழ் சம்பந்தப்பட்ட காரணம்.

தெரியாதவர்களுக்கு முதலில் வழமையான முறையைச் சொல்லிவிடுகிறேன். டிசைனர் ஒரு படம் வரைவார். தளம் முடிவில் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே, கடைசிப் புள்ளி வரைக்கும். கிளையன்ட் பார்த்து "ஓம், நல்லாயிருக்கு" என்பார். பிறகு படம் கோட் எழுதுகிறவரிடம் போகும். அவர் அதை எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆக மாற்றுவார். நேரே கோட்டில் வேலை செய்வது என்றால் நடுவில் உள்ள அந்தப் படத்தை விட்டுவிடுவது, அல்லது நன்றாகக் குறைத்துவிடுவது. முதல் நாளே பிரவுசரில் திறக்கக்கூடிய ஒரு பக்கத்தைக் கட்டி, அதையே திருத்தித் திருத்திக் கொண்டுபோவது. பிளான் இல்லாமல் வீடு கட்டுற மாதிரியா என்று ஒரு சிநேகிதி கேட்டாள். இல்லை. தையற்காரர் ஆளை நிப்பாட்டி வைத்து, போட்டுப் பார்த்து, குண்டூசி குத்தித் திருத்துவாரே, அது மாதிரி.

இது ஒன்றும் புதுசு இல்லை. டிம் பேர்னர்ஸ்-லீ 1990 இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் செய்த முதலாவது பிரவுசரில் பக்கத்தை வாசிக்கவும் முடியும், அதே ஜன்னலில் எழுதித் திருத்தவும் முடியும். வாசிக்கும் இடமும் ஆக்கும் இடமும் ஒன்றாகத்தான் தொடங்கின. சிஎஸ்எஸ்ஸை ஹோக்கன் வியும் லீ 1994 இல் முன்மொழிந்தபோதும், பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பதில் எழுதியவருக்கு மட்டுமல்லாமல் வாசிப்பவருக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை எண்ணம். 1996 டிசம்பரில் அதன் முதல் பதிப்பு வந்தது. ஆனால் அச்சுத் துறையிலிருந்து வந்த டிசைனர்களுக்கு அது போதவில்லை. அவர்களுக்குத் தாள் மாதிரி அசையாத ஒரு இடம் வேண்டியிருந்தது. ஃபோட்டோஷொப்பில் படம் வரைந்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி, அட்டவணைக் கட்டங்களுக்குள் ஒட்டித் தளம் செய்த காலம் ஒன்று இருந்தது. பழைய தளங்களின் கோட்டைத் திறந்து பார்த்தால் கட்டத்துக்குள் கட்டம், அதுக்குள்ள இன்னொரு கட்டம்.

2000 ஆம் ஆண்டில் ஜோன் ஓல்சொப் என்ற அவுஸ்திரேலியர் "எ டாவ் ஒஃப் வெப் டிசைன்" என்று ஒரு கட்டுரை எழுதினார். இணையம் தாள் இல்லை, அது வளைந்து கொடுக்கும் பொருள்; அந்த வளைவைக் குறையாகப் பார்க்காமல் அதன் இயல்பாக எடுங்கள் என்பது அதன் சாரம். தாவோ தத்துவத்தை வைத்து ஒருவர் இணையத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதே ஒரு ஆர்ட்ஸ் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். அப்போது அதைப் பாராட்டியவர்கள் கூடப் பழையபடி படம்தான் வரைந்தார்கள். 2007 இல் ஐபோன் வந்தது, பிறகு எல்லா அளவிலும் போன்கள் வந்தன. 2010 மே மாதம் ஈதன் மார்கொட் "ரெஸ்பொன்சிவ் வெப் டிசைன்" என்ற சொல்லைக் கொண்டுவந்தார்: திரையின் அகலத்துக்கு ஏற்பத் தானாக மாறும் ஒரே பக்கம். அதற்குப் பிறகுதான் படம் வரைகிற முறை உண்மையில் ஆட்டம் கண்டது. எத்தனை அகலத்துக்கு எத்தனை படம் வரைவது?

இவ்வளவும் ஆங்கில உலகத்தின் கதை. எங்களுக்கு இதில் இன்னொரு பிரச்சினை இருந்தது. அது திரையின் அகலத்தைப் பற்றியது இல்லை, எழுத்தைப் பற்றியது.

"கெ" என்று யூனிகோடில் எழுதும்போது கம்பியூட்டர் முதலில் ககரத்தையும் பிறகு ஒற்றைக்கொம்பையும் சேமிக்கிறது. காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. பிரவுசர்கள் இதைக் கன காலமாகச் சரியாகச் செய்கின்றன. பழைய ஃபோட்டோஷொப் செய்யாது. யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம் என்று சிதறும். (பிந்திய பதிப்புகளில் ஒரு அமைப்பை மாற்றினால் சரியாக வரும். அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு.) அதனால் எங்கட ஊர் டிசைனர்கள் எல்லோரும் பாமினியில் நின்றார்கள். பாமினி யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த ஃபொன்ட். அதில் கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டினால் ஃபோட்டோஷொப்பில் வடிவாக வரும். ஆனால் அதை அப்படியே கொப்பி பண்ணி இணையத்தில் போட்டால், ஃபொன்ட் இல்லாத போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை தெரியும்.

அதாவது தமிழ் டிசைனர் வரைந்த படத்தில் இருந்த எழுத்தும், தளத்தில் ஏறப்போகிற எழுத்தும் வேறு வேறு. உருவம் வேறு, அகலம் வேறு, தடிப்பு வேறு. ஆங்கிலப் படத்துக்கும் ஆங்கிலத் தளத்துக்கும் நடுவில் சின்னத் தூரம் இருந்தது என்றால், தமிழ்ப் படத்துக்கும் தமிழ்த் தளத்துக்கும் நடுவில் ஒரு கடலே இருந்தது.

இப்ப எழுத்து உடையிறது நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் இன்னொரு பழக்கம் போகவில்லை: முதலில் ஆங்கிலத்தில் வடிவமைத்து, கிளையன்ட் ஓம் சொன்ன பிறகு தமிழை ஊற்றுவது. இதனால் என்ன நடக்கும் என்பதை நான் இரண்டாம் வருசத்தில் நேரில் பார்த்தேன்.

பெயர் சொல்ல விரும்பவில்லை. உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கிற ஒரு அமைப்பு. மூன்று மொழியிலும் தளம் செய்து வெளியிட்டிருந்தார்கள். எங்கட ஒழுங்கையில் இருக்கிற ஒரு தங்கச்சி அதற்கு விண்ணப்பிக்க இருந்தாள். ஒருநாள் வந்து கேட்டாள்: "அக்கா, முடிவுத் திகதி போடேல்லையே, இன்னும் அறிவிக்கேல்லயோ?" நான் என்னுடைய லப்டொப்பில் திறந்தேன். திகதி இருந்தது. ஆறு நாள்தான் மிச்சம். அவளுடைய போனில் திறந்தேன். திகதி இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிசம் கூட ஆகவில்லை. உதவித்தொகைகள் ஒரு அட்டவணையில் இருந்தன: பெயர், தகைமை, தொகை, முடிவுத் திகதி. ஆங்கிலத்தில் நாலு சின்னச் சொல். போன் அகலத்துக்குள் நெருக்கி அடங்கிவிடும். தமிழில் "விண்ணப்பதாரிகளுக்கான தகைமைகள்". பிரவுசர் ஒரு தமிழ்ச் சொல்லைத் தானாக நடுவில் உடைக்காது. முதலாவது சொல் இருக்கிற அகலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த நிரல் அகன்றது, கடைசி நிரல் திரைக்கு வெளியே போனது. பக்கம் அங்குமிங்கும் ஆடக்கூடாது என்பதற்காக யாரோ வெளியே போவதை மறைக்கும்படி கோட்டில் எழுதியிருந்தார்கள். ஆகவே விரலால் தள்ளியும் பார்க்க முடியாது. திகதி ஒழிந்து போயிற்று. தமிழ்ப் பக்கத்தைப் போனில் வாசித்த பிள்ளைகளுக்கு மட்டும்.

அந்த அமைப்பில் கதைத்தபோது எனக்குக் கிடைத்த பதிலை இன்னும் மறக்கவில்லை. "டிசைன்ல சரியாத்தானே இருந்தது, நாங்கள் அப்ரூவ் பண்ணினது." உண்மைதான், படத்தில் சரியாகத்தான் இருந்தது. அந்தப் படத்தை நானும் பிறகு பார்த்தேன். அழகான படம். அதில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை.

திருத்தித் தரச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் திகதி மட்டும் இல்லை. 'அப்ளை' என்ற சொல்லுக்கு அளந்து அகலம் குறித்த பட்டனுக்குள் 'விண்ணப்பிக்கவும்' நுழைய முடியாமல் "விண்ணப்பிக்" என்று அறுந்து நின்றது. தலைப்புகளை எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, சின்ன அளவில் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அது எடுப்பாக இருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இல்லையே. அதனால் தலைப்பு எது, பந்தி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே மாதிரிக் கிடந்தது. தடித்த எழுத்துக்கான ஃபொன்ட் கோப்பைச் சேர்க்கவில்லை. அப்படியானால் பிரவுசர் சாதாரண எழுத்தையே பூசித் தடிப்பாக்கும். "ஞ", "ணு" எல்லாம் மை ஊறின மாதிரி அடைத்துப்போகும். வரிக்கு வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு விட்ட அளவு. மேல் வரியின் "ழு" வாலும் கீழ் வரியின் "டீ" சுழியும் முட்டிக்கொண்டன.

இதில் ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. பட்டனுக்கு அகலம் குறிக்காமல், உள்ளே இருக்கிற சொல்லைச் சுற்றி இடம் விடச் சொன்னேன். வரி இடைவெளியைக் கூட்டினேன். தடித்த ஃபொன்டைச் சேர்த்தேன். போனில் அட்டவணையை அட்டவணையாக வைக்காமல் ஒவ்வொரு உதவித்தொகையும் தனித் துண்டாக ஒன்றின் கீழ் ஒன்று வரவைத்து, முடிவுத் திகதியை மேலே கொண்டுவந்தேன். தளத்தைச் செய்தவர்கள் ஒரே ஒரு தரம் தமிழ்ச் சொற்களைப் போட்டு ஒரு போனில் திறந்து பார்த்திருந்தால் எல்லாம் முதல் நாளே தெரிந்திருக்கும். தங்கச்சி அந்த ஆறு நாளுக்குள் விண்ணப்பித்துவிட்டாள். திகதி இன்னும் வரவில்லை என்று நினைத்துக் காத்திருந்த வேறு பிள்ளைகள் எத்தனை பேர் என்று யார் கணக்கெடுத்தது?

அதற்குப் பிறகு என்னுடைய வேலையின் ஒழுங்கு மாறிவிட்டது. முதலில் சொற்கள். அதுவும் தமிழ்ச் சொற்கள். கிளையன்ட் "டிசைனைக் காட்டுங்கோ, பிறகு எழுத்தைத் தாறம்" என்றால் நான் தொடங்குவதில்லை. நிஜமான தமிழ் வசனங்களைப் போட்டு, எந்த அலங்காரமும் இல்லாத ஒரு வெறும் பக்கத்தை முதல் நாளே போனில் திறந்து பார்ப்பேன். நீளமான சொல் எங்கே முட்டுகிறது, எந்தத் தலைப்பு மூன்று வரிக்குப் போகிறது என்று அங்கேயே தெரியும். பிறகுதான் நிறம், படம் எல்லாம். தமிழுக்குத் தைத்த சட்டை ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் தொளதொள என்று இருக்கும், அவ்வளவுதான். ஆங்கிலத்துக்குத் தைத்ததைத் தமிழுக்குப் போட்டால் தையல் விடும். சிங்களத்துக்கு மேலும் கீழும் இன்னும் கொஞ்சம் இடம் வேணும். என்னுடைய பட்ச்சில் படிக்கிற ஒரு சிங்களச் சிநேகிதி எனக்குச் சோதித்துப் பார்க்க நல்ல நீளமான வசனங்கள் எழுதித் தருவாள். அவளுக்கு அது பெரிய பகிடி.

சொல்லை எங்கே உடைப்பது என்பதும் இப்படித்தான். எங்கே வேண்டுமானாலும் உடை என்று சிஎஸ்எஸ்ஸில் சொல்லலாம். சொன்னால் "விண்ண" ஒரு வரியிலும் "ப்பிக்கவும்" அடுத்த வரியிலும் வரக்கூடும். தமிழில் புள்ளி எழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று சின்ன வகுப்பிலேயே படித்தவர்களுக்கு, வரி "ப்" என்று தொடங்கினால் கண் இடறும். ஆகவே தலைப்புகளில் உள்ள நீளமான சொற்களுக்கு நானே கையால் உடைக்கும் இடத்தைக் குறித்துவிடுவேன். எச்டிஎம்எல்லில் அதற்கென்று ஒரு சின்னக் குறி இருக்கிறது, "தேவைப்பட்டால் இங்கே உடை" என்று மட்டும் சொல்வது. இந்த வேலையை ஒரு படத்தில் எப்படிச் செய்வது? படத்தில் சொல் ஒரு இடத்தில்தான் உடையும். தளத்தில் அது ஆளுக்கு ஆள், போனுக்குப் போன் வேறு இடத்தில் உடையும்.

எங்கட வகுப்பில் சுவடியியல் படிக்கும்போது ஒரு விசயம் சொல்லித் தந்தார்கள். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்கு வழமையாகச் சொல்லப்படும் காரணம். "க" வா "க்" ஆ என்று வாசிப்பவர்தான் இடம் பார்த்து அறிய வேண்டும். எனக்கு அதைக் கேட்டபோது முதலில் நினைவு வந்தது பிரவுசர்தான். ஏடு எழுதினவர் தாளில் வரைந்து பார்த்துவிட்டு ஓலைக்கு மாற்றவில்லை. ஓலை எவ்வளவு தாங்கும் என்று அவருடைய கைக்குத் தெரியும். (சுவடியியல் படித்து என்ன வேலை எடுக்கப்போறாய் என்று கேட்கிற மாமாமாருக்கு இந்தப் பந்தி சமர்ப்பணம்.)

இனி மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கோட்டில் செய்வதை ஏதோ புண்ணிய காரியம் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் சேர்ந்து வேலை செய்கிற அண்ணா ஒருவர் இருக்கிறார். இருபது வருசமாக ஒரு அச்சகத்தில் கலியாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் வடிவமைத்தவர். கல்வெட்டுப் புத்தகத்தின் அட்டையில் ஒரு பெயரை எங்கே வைத்தால் அது கனக்கும் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் கோட்டில் தொடங்கப்போகிறேன் என்று முதலில் சொன்னபோது அவர் கேட்டது இதுதான்: "நீங்கள் நேர கோட் எழுதினா, தங்கச்சி, எனக்கு என்ன வேலை?"

அது வெறும் கதையில்லை. அவருக்கு ஃபோட்டோஷொப் படத்துக்குத்தான் காசு வரும். படம் இல்லையென்றால் அவருடைய பங்கு எதுவென்று கிளையன்டுக்கு எப்படிக் காட்டுவது? வேலை செய்யும் முறையை மாற்றுங்கள் என்று எழுதுகிறவர்கள் இந்தக் காசுக் கணக்கைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. யாரோ ஒருவரின் இருபது வருசக் கைப்பழக்கம் ஒரே இரவில் தேவையில்லாததாகிறது என்றால் அதற்குப் பெயர் முன்னேற்றம் மட்டும் இல்லை.

அதோடு, என்னைத் தனிய விட்டு நான் கோட்டில் செய்த முதலாவது பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதும் சரிதான். "எல்லாம் பிஸ்கட் பெட்டி அடுக்கின மாதிரி இருக்கு." மேலே ஒரு பெரிய படம், கீழே மூன்று பெட்டி, அதுக்குக் கீழே ஒரு பட்டன். கோட்டில் எது சுகமோ அதுதான் கைக்கு வரும். பென்சில் பிடித்தவருக்கு அந்தத் தடை இல்லை. அமெரிக்க டிசைனர் டான் மோல் இதை நல்லாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்: பிரவுசரில் டிசைன் செய்வது என்று சொல்வதை விடப் பிரவுசரில் முடிவெடுப்பது என்று சொல்லுவோம் என்று. யோசிப்பதை எங்கேயும் யோசிக்கலாம், தாளில், சுவரில், ஃபோட்டோஷொப்பில். சரியா பிழையா என்று தீர்ப்பது மட்டும் பிரவுசரில்.

நாங்கள் இரண்டு பேரும் இப்ப அப்படித்தான் செய்கிறோம். கிளையன்ட் தந்த தமிழை அண்ணா முதலில் முழுக்க வாசிப்பார். அச்சகத்தில் வேலை செய்தவர், எழுத்துப்பிழை அவர் கண்ணுக்குத் தப்பாது. பிறகு ஏ-ஃபோர் தாளில் பென்சிலால் நாலைந்து கீறல். நான் பக்கத்தில் இருந்து அதில் ஒன்றை ஒரு மணித்தியாலத்துக்குள் கரடுமுரடாகக் கட்டுவேன். அடுத்தது எங்கட பெரிய வேலை: என்னுடைய லப்டொப், அவருடைய வெடித்த திரை போன், அவரின்ட மனிசியின் டப், மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து ஒரே பக்கத்தைத் திறப்பது. அவர் சொல்லச் சொல்ல நான் மாற்றுவேன். "அந்த ணகரத்துக்கு மூச்சு விட இடமில்லை." "இந்த நீலம் வெயிலுக்க பாத்தா தெரியாது, வெளிய கொண்டுபோய்ப் பாருங்கோ." வெளியே கொண்டுபோய்ப் பார்த்தேன், தெரியவில்லை.

பிரவுசரில் எஃப் 12 ஐ அழுத்தினால் உள்ளே இருக்கிற சிஎஸ்எஸ் முழுக்கத் திறக்கும், அங்கேயே எண்ணை மாற்றிப் பார்க்கலாம் என்று ஒருநாள் காட்டிக் கொடுத்தேன். பக்கத்தைத் திரும்ப ஏற்றினால் மாற்றம் எல்லாம் அழிந்துவிடும் என்றும் சொன்னேன். அதுதான் அவருக்கு நன்றாகப் பிடித்தது. "அப்ப பழுதாக்கிறதுக்குப் பயமில்லை." அன்றிரவு எனக்கு வட்ஸ்அப்பில் பதினொரு படம் வந்தது. ஸ்கிரீன்ஷொட் இல்லை, கம்பியூட்டர் திரையைப் போனால் எடுத்த படங்கள். ஒவ்வொன்றிலும் தலைப்பு ஒவ்வொரு இடத்தில். அதில் ஒன்றில் ஊரின் பெயர் குளத்துப் படத்தின் மேல் பாதி ஏறி, பாதி வெளியே நின்றது, நோட்டீசில் வைக்கிற மாதிரி. பழைய சிஎஸ்எஸ்ஸில் அப்படி ஒன்றைப் போனுக்கும் உடையாமல் செய்வது பெரிய ஆக்கினை. 2017 மார்ச் மாதம் பெரிய பிரவுசர்கள் ஒன்றன்பின் ஒன்றாக சிஎஸ்எஸ் கிரிட்டைக் கொண்டுவந்த பிறகு அது சில வரி வேலை. ஜென் சிமன்ஸ் போன்றவர்கள் இந்தக் கருவி வந்துவிட்டது, இனியாவது பெட்டி அடுக்குவதை விடுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். எனக்கு அதை உண்மையில் விளங்கப்படுத்தியது அண்ணாவின் பதினொரு படங்கள்.

கிளையன்ட்மாரைப் பழக்கினதுதான் கஷ்டம். "படத்தை அனுப்புங்கோ, கமிட்டிக்குக் காட்டவேணும்" என்பார்கள். லிங்க் அனுப்பினால் ஒருவர் அதைப் பிரின்ட் எடுத்து, சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். பிரின்டில் தளம் இன்னொரு மாதிரித் தெரியும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? இப்போது கூட்டத்துக்கு என்று ஒரே ஒரு தாள் செய்கிறோம். நிறங்கள், தலைப்பெழுத்து, பந்தி எழுத்து, ஒரு பட்டன், ஒரு படம் எப்படி இருக்கும் என்பது. பக்கத்தின் படம் இல்லை, பக்கத்தின் குணம். சமந்தா வாரன் என்பவர் 2012 அளவில் "ஸ்டைல் டைல்ஸ்" என்று இதைப் பரவலாக்கினார்; புடைவைக் கடையில் துணித் துண்டு காட்டுற மாதிரி. அதை அண்ணாதான் செய்வார், பில்லில் அவர் பெயரில் தனி வரியாகப் போடுகிறோம். தாளைக் கமிட்டி மேசையில் வைத்துக் கதைக்கலாம், லிங்கைப் போனில் திறந்து பார்க்கலாம். இரண்டையும் குழப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் குறைவு.

இப்போது யாரிடம் இதைச் சொன்னாலும் "ஏஐ-யிட்ட கேட்டா ஒரு நிமிசத்தில பக்கத்தைத் தருமே" என்கிறார்கள். தரும். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கிடைத்தவை நல்ல துப்புரவான ஆங்கிலப் பக்கங்கள். தமிழை ஊற்றினேன், பட்டன் அறுந்தது. ஏன் அறுந்தது என்று கோட்டை வாசிக்கத் தெரிந்தபடியால் திருத்தினேன். வாசிக்கத் தெரியாதவர் "டிசைன்ல சரியாத்தானே இருந்தது" என்றுதான் சொல்லியிருப்பார்.

இந்த மாதம் ஒரு ஊர் வாசிகசாலைக்குத் தளம் செய்கிறோம். போன கிழமை கரட்டுப் பக்கத்தைக் கொண்டுபோய், அங்கே பேப்பர் பார்க்க வருகிற ஒரு ஐயாவின் போனில் திறந்தோம். அவர் கண் தெரியாமல் போனில் எழுத்தை ஆகப் பெரிய அளவில் வைத்திருக்கிறார். மேலே ஒரே வரியில் நின்ற "அறிவித்தல்கள், நூல்கள், நிகழ்வுகள், தொடர்பு" இரண்டு வரியாக இறங்கிவிட்டது. நான் உடனே லப்டொப்பைத் திறந்து அதை ஒரு வரிக்குள் அடக்கப் பார்த்தேன். அண்ணா போனை வாங்கி, கையைத் தூர நீட்டிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "விடுங்கோ. இரண்டு வரியில வடிவாத்தான் இருக்கு. கீழ இருக்கிற படத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டாச் சரி." ஐயா அதற்குள் போனைத் திருப்பி வாங்கி, அறிவித்தல்களை அமத்தி, அங்கே நாங்கள் சோதனைக்குப் போட்டிருந்த போன வருசக் கூட்ட அறிக்கையை ஊன்றி வாசிக்கத் தொடங்கிவிட்டார். செயலாளரின் பெயரில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறதாம்.